நாற்பது லைஃப் ஜாக்கெட்

பஸ் அரியாங்குப்பம் பாலத்தில் ஏறியபோதுதான் பெனிஷா பக்கத்தில் திரும்பிப் பார்த்தாள். மாலாவுக்காக அவள் பை வைத்துப் பிடித்திருந்த சீட் அப்படியே கிடந்தது. எழுந்து கடைசி வரிசை வரை பார்த்தாள். மறுபடி ஒவ்வொரு தலையாகப் பார்த்தாள். மாலா இல்லை.

முன்சீட்டு ஜெரினின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "டேய், மாலா எங்க?"

"என்னக் கேட்டா? நீங்க ரெண்டு பேருந்தான கோந்து போட்டு ஒட்டுன மாதிரி திரியிறீங்க."

"ரெண்டாவது போட்டுல உங்ககூட வரல?"

"எங்க போட்டுலயா? இல்லியே. அது உங்க போட்டுன்னுல்ல மிஸ் சொன்னாங்க." அவளை ஏற இறங்கப் பார்த்தான். "என்னா, பேயறஞ்ச மாதிரி நிக்கிற?"

பெனிஷா பொத்தென்று உட்கார்ந்தாள். பாலத்தில் வண்டிகள் நெருக்கியடித்து நின்றன. பஸ் முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போக வழியில்லை. பின்வரிசையில் பையன்கள் சீட்டைத் தட்டிப் பாடிக்கொண்டிருந்தார்கள். டிரைவர் தலைக்கு மேலிருந்த கடிகாரத்தில் ஐந்து நாற்பது.

ஒன்பதாம் வகுப்பு முழுக்க, நாற்பது பேரும், மதியம் நோணாங்குப்பத்தில் படகேறி அலையாத்திக் காட்டைப் பார்க்கப் போயிருந்தார்கள். மீன்பிடிக்கும் சூசையின் படகில் இருபது பேர், அவர் தம்பி படகில் இருபது பேர். நடுக்காட்டில் ஒரு சேற்றுத் திட்டில் இறங்கி ஆளுக்கொரு கன்று நட்டார்கள். சேற்றிலிருந்து ஆணி ஆணியாக நீட்டிக்கொண்டிருந்த வேர்களைக் காட்டி அறிவியல் டீச்சர் நிர்மலாதேவி மிஸ் பாடம் நடத்தினார். "தண்ணி மூடுனா வேருக்குக் காத்து கெடைக்காது. அதான் மேல வந்து மூச்சு விடுது."

"மூடும் டீச்சர்," என்றார் சூசை. "ஆறு மணிக்கு மேல இந்த எடத்துல இடுப்பளவு தண்ணி நிக்கும். அதுக்குள்ள புள்ளைங்கள ஏத்திடணும்."

புறப்படும் நேரத்தில்தான் மாலா அவளைப் புதருக்குப் பின்னால் இழுத்தாள். முகம் வெளுத்திருந்தது. பாவாடையில் கறை. கழற்றிப் போட்டு உட்கார்ந்திருந்த லைஃப் ஜாக்கெட்டிலும் கறை.

"பென்னி, இத நீ எடுத்துட்டுப் போயி அந்தாண்ட கரையில கழுவிப் போட்டுடு. நான் பசங்கல்லாம் ஏறுனப்பறம் ரெண்டாவது போட்டுல கடைசியா ஏறிக்கிறேன்."

"உனக்கு ஜாக்கெட்?"

"போட்டுல எக்ஸ்ட்ரா கெடக்குடி. மிஸ் கேட்டா, முன்னாடி ஏறிட்டேன்னு சொல்லு. யார்கிட்டயும் வாயத் தொறக்காத. வில்லியனூர் மாதா மேல சத்தியம் பண்ணு."

பெனிஷா சத்தியம் செய்தாள். மிஸ் கேட்டபோது, "மாலா எங்க போட்டுலதான் மிஸ்," என்று கூசாமல் சொன்னாள். அதை நம்பித்தான் இரண்டாவது படகு மாலாவுக்குக் காத்திருக்காமல் கிளம்பியிருக்கிறது. கரையில் எண்ணியது பி.டி. பலராமன் சார். புள்ளைங்க ஒரு எடத்துல நிக்காது, ஜாக்கெட் நிக்கும் என்பது அவர் கணக்கு. ஒவ்வொருவரும் தன் நம்பர் போட்ட ஜாக்கெட்டைக் குவியலில் போட வேண்டும். பெனிஷா தன்னுடைய பதினேழைப் போட்டாள். கழுவிய ஈரத்தோடு மாலாவின் பதினெட்டையும் அடியில் செருகினாள்.

"நாப்பது! கரெக்ட்டு! வண்டிய எடு!" என்று சார் விசிலடித்தார்.

மாலா வீடு தவளக்குப்பத்தில்தானே, பக்கம்தானே, அப்படியே போயிருப்பாள் என்று ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்தாள். எப்படிப் போவாள்? சுற்றிலும் தண்ணீர்.

பஸ் இரண்டடி நகர்ந்து மறுபடி நின்றது. சொன்னால் நாற்பது பேருக்கும் தெரிந்துவிடும். நாளைக்குக் கரும்பலகையில் எழுதுவார்கள். மாலா அப்புறம் பள்ளிக்கூடமே வரமாட்டாள். சத்தியம் வேறு. சொல்லாவிட்டால்... கடிகாரம் ஐந்து நாற்பத்து நாலுக்கு மாறியது.

எப்படி எழுந்தாள் என்று அவளுக்கே தெரியாது. சீட்டுகளைப் பிடித்துக்கொண்டு முன்னால் போய், மிஸ்ஸின் காதில் எல்லாவற்றையும் சொன்னாள்.

"என்னாடி சொல்ற?" மிஸ்ஸின் கையிலிருந்த தண்ணீர் பாட்டில் உருண்டு ஓடியது.

"நாப்பது ஜாக்கெட்டு நான் எண்ணுனேனே!" என்றார் பலராமன் சார்.

"நான்தான் சார் ரெண்டு போட்டேன்."

சார் டிரைவரிடம் ஓடி, "திருப்புய்யா! எப்பிடியாவது திருப்பு!" என்று கத்தினார். எப்படித் திருப்புவது? பின்னால் ஒரு மணல் லாரி ஒட்டிக்கொண்டு நின்றது.

பாட்டு நின்றுபோனது. மிஸ் சூசைக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார். பாதி கேட்டதுமே அவர் படகைக் கிளப்பும் சத்தம் வந்தது.

"எந்தப் பக்கம் நின்னுச்சி?"

"கன்னு நட்டோமே, அதுக்குப் பின்னாடி பொதருண்ணே," என்றாள் பெனிஷா.

"அது பள்ளமாச்சே. ஜாக்கெட் போட்டிருக்கா?"

"இல்ல. நான் கொண்டாந்துட்டேன்."

போனில் மோட்டார் சத்தம் ஏறியது. ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. மாலாவின் செருப்பு சைஸ் தெரியும். அவள் அப்பாவின் வண்டி நம்பர் தெரியும். தூக்கத்தில் என்ன உளறுவாள் என்பதுகூடத் தெரியும்.

"பாப்பா, லைன்ல இருக்கியா? வெளிச்சம் போவுது. நான் போறதுக்குள்ள அந்தப் பொண்ணு தண்ணில எறங்கிடப் போவுது. சொல்லு, அதுக்கு நீச்சல் தெரியுமா?"