சேஷனிடம் கேட்க வேண்டியது

கிழக்கேகோட்டை ஜவுளிக்கடையில் சேலை எடுத்துக் காட்டும் சுவாமிதாஸுக்கு, மனைவி ஜெபமலர் நோயில் படுத்ததற்குத் தான்தான் காரணம் என்ற நினைப்பு விடவே இல்லை. பல்வலிக்கு ஐந்து நாளைக்கு எழுதிய ஆன்டிபயாட்டிக்கை, அதே சீட்டைக் காட்டி இன்னும் இரண்டு தடவை வாங்கிக் கொடுத்தவன் அவன்தான். பல்வலி போயிற்று, வயிற்றுப்போக்கு வந்தது. நாளுக்குப் பத்துத் தடவை. மருந்து கொடுத்தால் நிற்கும், நிறுத்தினால் மறுபடி தொடங்கும். இரண்டு மாதத்தில் அவள் பாதியாக இளைத்துவிட்டாள்.

டாக்டர் ஸ்வப்னா மலையாளம் கலந்த தமிழில் பொறுமையாகச் சொன்னார். "நம்ம குடலில நல்ல கிருமிகள் கோடிக்கணக்கா உண்டு. அந்த மாத்திரை அதையும் கூட கொன்னுபோச்சு. இப்போ ஒரு மோசமான கிருமி மட்டும் அங்கே வளருது. ஆரோக்கியமான ஒருத்தரோட மலத்தில இருந்து நல்ல கிருமிகளை எடுத்து, டியூப் வழியா இவங்க குடலில விடணும்."

ஜெபமலர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

"நான் தாரேன் டாக்டர்" என்றான் சுவாமிதாஸ்.

"மூணு மாசத்துக்குள்ள ஆன்டிபயாட்டிக் ஏதாவது சாப்பிட்டீங்களா?"

போன மாதம் காய்ச்சலுக்கு, வீட்டில் மிச்சமிருந்ததை விழுங்கியிருந்தான். தலைகுனிந்து ஒப்புக்கொண்டான்.

"அப்போ வேற ஆள் பாருங்க, கேட்டோ."

பிள்ளைகள் இல்லை. நாகர்கோவிலில் இருந்த சொந்தங்கள் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு நோய். யோசித்து யோசித்துக் கடைசியில் மனதில் வந்து நின்றவர் சேஷன். பக்கத்துக் கவுண்டரில் ரவிக்கைத் துணி அளந்து கிழித்துக் கொடுப்பவர். ஸ்ரீவராகத்திலிருந்து தினமும் நடந்தே வருவார். தலைவலிக்குக்கூட மாத்திரை தொடமாட்டார். ஆனால் ஆசாரம் பார்த்து, தண்ணீரைக்கூட வீட்டிலிருந்து கொண்டுவந்து குடிக்கிற மனிதர். அவரிடம் போய் இதை எப்படிக் கேட்பது? இரண்டு நாள் அருகில் போய்த் திரும்பினான். மூன்றாம் நாள் மதியம், கிடங்குப் படியில் அவர் தயிர்சாதம் சாப்பிட்டு முடிக்கும்வரை நின்றான்.

"சாமி, ஒரு காரியம் கேக்கணும்."

"லீவு வேணுமா? உம்ம கவுண்டரையும் நானே பாத்துக்கறேன்."

விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் சுவாமிதாஸுக்குச் சட்டை நனைந்துவிட்டது. சேஷன் பாத்திரத்தை மெல்ல மூடினார்.

"மன்னிச்சிருங்க சாமி. கேட்டிருக்கப்பிடாது."

"இருமய்யா. ரத்தம் கேட்டிருந்தா இப்படி வேர்த்துண்டு நிப்பீரா? என்னிக்கு வரணும், சொல்லும். ஆத்துக்காரி சீதாலக்ஷ்மிகிட்ட நானே சொல்லிக்கறேன்."

சேஷனின் ரத்தம், மலம் எல்லாம் சோதித்தார்கள். ஒரு குறையும் இல்லை. குறித்த நாளில் காலை ஏழு மணிக்கே ஆஸ்பத்திரிக்கு வந்தார். கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்தவர், யார் முகத்தையும் பார்க்காமல், "காரியம் ஆச்சு" என்று சொல்லிவிட்டுக் கடை திறக்கப் பஸ் ஏறினார். அன்றைக்கே டாக்டர் அதை டியூப் வழியாக ஜெபமலரின் குடலில் செலுத்தினார்.

நான்காம் நாள் விடிந்ததிலிருந்து மத்தியானம்வரை ஜெபமலர் கட்டிலைவிட்டு எழவில்லை.

"கக்கூசுக்கு இன்னும் போகலியா?" என்றான் சுவாமிதாஸ்.

"இல்ல." அதற்குமேல் பேச இருவருக்கும் பயமாக இருந்தது.

மறுநாள் அவளே, "இஞ்சேருங்க, பசிக்குது" என்றாள். அந்த வார்த்தையைக் கேட்டு எத்தனை நாளாயிற்று! சுவாமிதாஸ் வராந்தாவுக்குப் போய் அழுதுவிட்டுக் கஞ்சியோடு வந்தான்.

"நான் வாங்கித் தந்த மாத்திரைதான் மலரு, எல்லாத்துக்கும்..."

"விழுங்கினது நான்தானே. அந்தக் கஞ்சியை ஆத்திக் குடுங்க."

ஆற்றிக் கொடுத்தான். அந்த நல்ல கிருமிகளைக் கொடுத்தது யார் என்பதையும் அப்போதுதான் சொன்னான். அவள் வெட்கத்தோடு சிரித்தாள்.

ஒரு மாதம் கழித்து, வயிறு மறுபடி கெடவில்லை என்று டாக்டர் உறுதியாகச் சொன்ன அன்று, ஜெபமலர் கடைக்கு வந்தாள். ரவிக்கைத் துணிகளின் முன்னால் நின்றாள். சேஷன் மடித்த துணியையே மறுபடி மடித்தார்.

"சாப்பாடெல்லாம் ஒத்துக்கறதாம்மா?"

"காலைல மூணு தோசை சாப்பிட்டேன் சாமி."

"மூணா!" என்றார் சேஷன். அவர் முகம் மலர்ந்துபோயிற்று.