காலியாக வந்த தட்டு

வெள்ளியங்கிரி ஐயாவைச் சக்கர நாற்காலியோடு எடை மெஷினில் ஏற்றினேன். எழுபத்தொன்று காட்டியது. நாற்காலி பதினாறு. கழித்தால் ஐம்பத்தைந்து. போன மாதம் ஒன்றாம் தேதி ஐம்பத்தொன்பது இருந்தார். மெஷினின் மேல்தான் முதலில் சந்தேகப்பட்டேன். செவ்வாய்ப்பேட்டை மளிகை மண்டியில் மூட்டை எடை போட்ட மெஷின் அது. கடையை மூடும்போது யாரோ எங்கள் முதியோர் இல்லத்துக்குத் தானமாகக் கொடுத்தது. அவரை இறக்கிவிட்டு நானே ஏறி நின்றேன். என் எடை வழக்கம்போலக் கூடித்தான் இருந்தது, குறையவில்லை. மெஷின் சரியாகவே இருந்தது. மனுஷன்தான் நாலு கிலோ காணாமல் போயிருந்தார்.

ஐயாவுக்கு இரண்டு வருஷத்துக்கு முன் பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டது. வலது கை விழுந்துவிட்டது. இடது கையும் கண்ணும்தான் பேச்சு. ஆனால் சாப்பாட்டில் ஒரு குறையும் வைத்தது கிடையாது. சங்ககிரியில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர்; வயிறு நிறைய உண்டு பழகிய உடம்பு. அந்த மாதம் முழுக்க அவருடைய தட்டு மூன்று வேளையும் வழித்து எடுத்த மாதிரி காலியாகத்தான் சமையலறைக்குத் திரும்பி வந்தது. சாப்பாட்டு அட்டையிலும் தினமும் ‘முழுவதும் சாப்பிட்டார்’ என்று எழுதி, கீழே ‘ஜெ’ என்று கையெழுத்து. அப்படியென்றால் அந்தச் சோறு யார் வயிற்றுக்குப் போனது?

எனக்குச் சந்தேகம் கூடப் பிறந்தது. எடப்பாடியில் எட்டு வருஷம் தறி ஓட்டியவள் நான். இருபது தறி சத்தத்துக்கு நடுவில் எங்கே நூல் அறுந்தது என்று காதே சொல்லிவிடும். வீட்டுக்காரர் பத்து நிமிஷம் தாமதமாக வந்தால் சட்டையை மோந்து பார்ப்பேன், அவருக்கும் அது பழகிவிட்டது. எடப்பாடி ரோட்டில் இந்த முதியோர் இல்லத்துக்கு வந்து பதினோரு வருஷம். மாத்திரையை நாக்குக்கடியில் ஒளித்து வைத்துப் பிறகு துப்புகிற ஆட்களை முகத்தைப் பார்த்தே பிடித்துவிடுவேன். இல்லத்தை நடத்துகிற ஞானதாஸ் சார் வருகிறவர்களிடமெல்லாம், “அறிவுச்செல்வி இருக்கிற வரைக்கும் இங்க ஒரு ஊசி காணாம போகாது” என்று சொல்வார். அந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது. இப்போது யோசித்தால் கொஞ்சம் அதிகமாகவே பிடித்திருந்தது.

‘ஜெ’ என்றால் ஜெபமலர். ஆண்கள் பக்கம் வேலை பார்த்தவள் பிரசவத்துக்குப் போனதும் அந்த இடத்துக்கு வந்தவள். சேலம் டவுன்காரி, முப்பத்தைந்து வயது இருக்கும். புருஷன் இறந்து போய், மகளைக் கன்னியாஸ்திரீகள் நடத்தும் ஹாஸ்டலில் விட்டுப் படிக்க வைத்துக்கொண்டிருந்தாள். வந்த நாளே போர் மோட்டார் எரிந்துபோய், டேங்கர் தண்ணீரைக் குடம் குடமாகத் தூக்கினாள். நல்ல உடம்பு, நல்ல பலம். அதிகம் பேசமாட்டாள். அதிகம் பேசாதவர்களை எனக்கு நம்ப வராது. வந்த நாலாம் நாள் என்னிடம் வந்து ஐயாவுக்குப் பல் செட் சரியாக உட்காரவில்லை என்றாள். முகம் ஒரு பக்கம் இழுத்திருக்கிறது, அப்படித்தான் இருக்கும், காலை ஏழு மணிக்குள் எல்லாருக்கும் பல் மாட்டியாக வேண்டும், அது சாரோட சட்டம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அதற்குப் பிறகு அவள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

எடை பார்த்த அன்றிலிருந்து அவளைக் கவனிக்க ஆரம்பித்தேன். ஐயாவுக்கு ஊட்டும்போது மட்டும் அறைக் கதவைச் சாத்தினாள். அவள் ஊட்டுகிற மற்ற மூன்று பேருக்கும் திறந்த கதவுதான். உள்ளே முக்கால் மணி நேரம் ஆகும். வெளியே வரும்போது தட்டு காலி. ஒரு நாள் குப்பைக் கூடையில் வாழைப்பழத் தோல் கிடந்தது. அன்றைக்கு இல்லத்தில் யாருக்கும் பழம் கொடுக்கவில்லை. மதியம் எல்லாரும் கண்ணயர்கிற நேரத்தில் ஒரு டிபன் டப்பாவை முந்தானையில் மறைத்துக்கொண்டு பின்பக்கம் கிளுவை வேலிப் பக்கம் போனாள். திரும்பி வரும்போது டப்பாவைக் கழுவிக்கொண்டே வந்தாள். பேச முடியாத மனுஷனின் வாயிலிருந்து பிடுங்கித் தின்கிறாளே என்று எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபம் நிஜமானது. அதை இப்போதும் நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

வியாழக்கிழமை மதியம் ஞானதாஸ் சாரைக் கூட்டிக்கொண்டு பின்வாசலில் நின்றேன். அவள் வந்தாள். டப்பாவை வாங்கித் திறந்தோம். சாம்பார் சாதம், முட்டைக்கோஸ் பொரியல், பாதி முட்டை, எல்லாம் பிசைந்தபடி. ஐயாவின் தட்டுக்கு நானே பரிமாறியது. அவளுடைய பையைக் கொண்டுவரச் சொல்லி, எல்லார் முன்னாலும் வராண்டாவில் வைத்து ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டேன். இரண்டு சேலை, உள்பாவாடை, மகளின் போட்டோ ஒட்டிய நோட்டு, ஆறு வாழைப்பழம், பால் வாடையடிக்கிற ஒரு டம்ளர். உள்பாவாடையை நான் உதறியபோது அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சமையல்கார அம்மா உச்சுக் கொட்டினாள். அது என்னைப் பார்த்தா அவளைப் பார்த்தா என்று எனக்குத் தெரியவில்லை.

சார் அவளிடம் அமைதியாகத்தான் கேட்டார். அவளும் அழவில்லை.

“அவரு சாப்பிட மாட்டேங்கிறாரு சார். பாலும் பழமும் மட்டும் இறங்குது. சொன்னா மூக்குல ட்யூப் போட்டுருவீங்க. வேண்டாம்னு என் கையைப் புடிச்சுக்கிட்டாரு. அதான் சோத்தை எடுத்துட்டுப் போயி வேலிக்கு அந்தப் பக்கத்து எருமைக்குக் கொட்டினேன்.”

மூன்று நாள் சாப்பிடாவிட்டால் டாக்டரை வரவழைத்து மூக்கு வழியாக ட்யூப் போடுவது இல்லத்து வழக்கம். பிடுங்கிவிடாமல் இருக்கக் கையைத் துணியால் கட்டிலோடு கட்டுவோம். ஐயாவுக்குப் பக்கத்துக் கட்டிலில் பொன்னன் அப்படித்தான் ஆடி மாதம் முழுக்கக் கிடந்து, ஆவணி பிறக்கும் முன் போய்ச் சேர்ந்தார். ஐயா அத்தனை நாளும் தலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே கிடந்தார். அதனால் அவள் சொன்னதில் ஒரு பொருத்தம் இருக்கத்தான் செய்தது. ஆனால் சார் சாப்பாட்டு அட்டையை எடுத்து நீட்டினார். நாலு வாரம், எண்பதுக்கு மேல் கையெழுத்து, எல்லாம் ‘முழுவதும் சாப்பிட்டார்’. இதில் எதை நம்புவது என்று கேட்டார். நான்தான் சொன்னேன்: “இத்தனை பொய் எழுதுன கை, சோத்தை மட்டும் உட்டு வைக்குமுங்களா சார்?”

சனிக்கிழமை வேறு ஆள் வருகிற வரைக்கும் அவள் சமையலறையில் பாத்திரம் கழுவ வேண்டும், பிறகு கிளம்பலாம் என்று முடிவானது. சேலம், நாமக்கல், ஈரோட்டு இல்லங்களை நடத்துகிறவர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது. அதில் போட்டோவோடு ஒரு பெயர் வந்துவிட்டால் அந்த ஆளை அதற்கப்புறம் எந்த இல்லத்திலும் சேர்க்க மாட்டார்கள். சனிக்கிழமை அதையும் போட்டுவிடுவதாகச் சார் சொன்னார். அது அவள் காதில் விழுந்தது. அப்போதுதான் முதல்முறையாக அவள் சுவரில் சாய்ந்தாள்.

அன்று சாயங்காலம் ஐயாவுக்கு ஊட்ட நானே உட்கார்ந்தேன். கதவை அகலத் திறந்து வைத்தேன். ரசம் சாதத்தைக் குழையப் பிசைந்து நீட்டினால் உதட்டை இறுக்கிக்கொண்டார். கொஞ்சினேன், அதட்டினேன். அவள் கையால்தான் தின்பேன் என்று பழக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள் என்று அதற்கும் ஒரு சந்தேகம் என்னிடம் தயாராக இருந்தது. “ஒரு வாய் வாங்கிக்கோ சாமி, என்ற மேல என்ன கோவம்?” என்றேன். ஐயா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு இடது கையால் என் ஆள்காட்டி விரலைப் பிடித்து, இழுத்து, தன் வாய்க்குள் விட்டுக்கொண்டார்.

பல் செட்டின் ஓரத்தில் விரலில் பட்டது ஈறு இல்லை, புண். பல் செட்டை மெதுவாக அசைத்து எடுத்தேன். அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. மேல் ஈறு முழுக்கக் கன்றிச் சிவந்து, இரண்டு இடத்தில் குழி விழுந்திருந்தது. கையிலிருந்த பல் செட்டைப் பார்த்தேன். வரிசையான, சின்னச் சின்ன, வெள்ளைப் பற்கள். ஐயாவின் பல் எனக்குத் தெரியும். பெரிசு பெரிசாக, டீக்கறை ஏறியது. பாத்ரூமில் விழுந்து முன்பல்லில் ஒரு முனை உடைந்தது, அந்தத் துணுக்கைத் தரையில் தேடி எடுத்தவளே நான்தான். இது பெண்பிள்ளை பல்.

ஒவ்வொருவர் பல்லையும் அவரவர் பெயரெழுதிய டப்பாவிலேயே தனித்தனியாகக் கழுவ வேண்டும். இந்த வேலைக்கு வந்த முதல் நாளே சொல்லிக்கொடுப்பது அது. மோட்டார் எரிந்த அன்றைக்குத் தண்ணீர் இல்லை. ஆண்கள் பக்கம் ஆள் இல்லை, புதியவள் குடம் தூக்கிக்கொண்டிருந்தாள். இரண்டு பக்கமுமாகப் பதினோரு பேருடைய பல்லையும் நீல பிளாஸ்டிக் தொட்டி ஒன்றில் கொட்டி, ஒரே குடம் தண்ணீரில் கழுவினேன். எனக்கா தெரியாது எது யாருடையது என்று? பார்த்துப் பார்த்துப் போட்டேன். நடுவில் குளியலறையில் யாரோ வழுக்கிவிட்டார்கள் என்று கூப்பிட்டார்கள், ஓடினேன், திரும்பி வந்து மீதியைப் போட்டேன். அவ்வளவுதான் நடந்தது. ஜெபமலர் ஐயாவின் சொந்தப் பல்லை ஒரு நாளும் பார்த்ததில்லை. பொருந்தவில்லை என்று அவள் வந்து சொல்லியும் நான்தான் விரட்டினேன்.

பெண்கள் பக்கம் போனேன். ராசாத்தி அம்மாள் சாரோட சட்டத்துக்கும் மசியாமல், மகள் வருகிற ஞாயிறு மட்டும்தான் பல் மாட்டுவார்; அந்த மாதம் மகள் வரவில்லை. அவர் தூங்கிக்கொண்டிருந்தார். டப்பாவைத் திறந்தேன். முனை உடைந்த பெரிய பல் உள்ளே கிடந்தது. சுற்றிலும் பார்த்தேன், யாரும் இல்லை. மாற்றி வைத்தேன். அதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

ஈறுக்கு மருந்து தடவி, சாட்சிக்கென்று ஆபீஸ் மேசையில் வைத்திருந்த ஜெபமலரின் வாழைப்பழத்தில் இரண்டை எடுத்து, பாலில் மசித்துக் கொடுத்தேன். குடித்தார். காலையில் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமை காலையில் சார் டவுனுக்குப் போய்விட்டார். மதியம் வந்தார், கூடவே டாக்டரும் இருந்தார். சாயங்காலம் எனக்கே தலைவலி. பதினோரு வருஷத்துப் பெயர், ஒரு தொட்டித் தண்ணீரில் போகுமா என்று இருந்தது. சமையலறைப் பக்கமே போகவில்லை. அங்கே பாத்திரம் விளக்குகிற சத்தம் மட்டும் நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. நல்லவளாக இருந்தால் அவளே ஏதாவது சொல்லி வாதாடியிருப்பாளே என்றுகூட ஒரு நினைப்பு ஓடியது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படி நினைத்தேன்.

சனிக்கிழமை மதியம் பல் இல்லாமலே ஐயா தயிர் சாதம் சாப்பிட்டார். மெதுவாக, உதட்டை மூடி மூடி, தட்டில் பாதிக்கு மேல். ஞானதாஸ் சார் கட்டில் காலடியில் நின்று, திருப்பூரில் இருக்கும் ஐயாவின் மகனுக்கு வீடியோ காலில் அதைக் காட்டினார். மகன் அங்கே சிரித்தான். போனை வைத்ததும் சார் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

“பார்த்தீங்களா அறிவுச்செல்வி, அவ கையை எடுத்ததும் மனுஷன் சாப்பிடுறாரு. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?”

சொல்லிக்கொண்டே போனில் குரூப்பைத் திறந்தார். அவளுடைய ஆதார் போட்டோவை வைத்தார். ‘முதியோர் சாப்பாட்டைத் திருடுபவர், சேர்க்க வேண்டாம்’ என்று அடித்துக்கொண்டிருந்தார். அவள் வேலைக்குச் சேர்ந்தது எந்தத் தேதி என்று நிமிராமலே கேட்டார். மோட்டார் எரிந்த தேதி எனக்கு மறக்குமா? வாய் வரைக்கும் வந்தது. ஐயா என் கையிலிருந்த கரண்டியைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏனுங்க சார், அதை இப்பப் போடாதீங்க” என்றேன்.

சார் நிமிர்ந்து பார்த்தார். ஏன் என்று கேட்டார். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். பதினோரு வருஷமாக நான் மற்றவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கிற பார்வை. வந்து சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு, கரண்டியைச் சார் கையிலேயே கொடுத்துவிட்டு, வாசலுக்கு ஓடினேன். வராண்டாவில் ஜெபமலர் இல்லை. சமையலறையில் பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. அவள் கிளம்பிக் கால் மணி நேரம் ஆகிறது, சங்ககிரி பஸ் ரெண்டே காலுக்கு என்றாள் சமையல்கார அம்மா.

செருப்புக்கூடப் போடாமல் ரோட்டில் ஓடினேன். தார் சுட்டது. பஸ் நிறுத்தத்துச் சிமெண்ட் பெஞ்சில் அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தூரத்தில் எடப்பாடிப் பக்கமிருந்து பஸ் வருவது வெயிலில் தெரிந்தது. “ஜெபமலரு” என்று கூப்பிட்டேன். திரும்பினாள். நான் மூச்சிரைக்க ஓடி வருவதைப் பார்த்தாள். என்ன சொல்வது என்று ரோடு முழுக்க யோசித்துக்கொண்டுதான் வந்தேன்.

நான் வாய் திறப்பதற்குள் அவள் எழுந்து நின்று, பையைப் பெஞ்சின் மேல் வைத்து, ஜிப்பை இழுத்துத் திறந்தாள். முதல் சேலையை எடுத்து, உதறிக் காட்டி, எனக்கு எதிரில் மடித்து வைத்தாள். பிறகு இரண்டாவது சேலையை எடுத்தாள். பஸ் வந்து நின்றது, கண்டக்டர் சங்ககிரி சங்ககிரி என்று கத்தினார். அவள் உள்பாவாடையை எடுத்து, இரண்டு கையாலும் விரித்து, என் முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.