மப்ரூக்கா மறைத்த ரத்தம்

துனிசியாவின் ஸ்ஃபாக்ஸ் நகர மீன் சந்தையில் ஏலம் கூவியே தொண்டை முரடாகிப்போன மனுஷர் ஷாத்லி. ராத்திரியெல்லாம் சிறுநீருக்கு எழுந்து எழுந்து போகிறாரே என்று, மனைவி மப்ரூக்காதான் நச்சரித்து, பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க வைத்தாள். முடிவு மகன் லஸ்ஆத் கைக்குத்தான் வந்தது. அவனும் அம்மாவும் மட்டும் டாக்டரிடம் போனார்கள்.

ரத்தத்தில் புரோஸ்டேட் அளவு அதிகம், ஆனால் அந்தச் சுரப்பி சும்மா வீங்கினாலே அது ஏறும், ரத்தத்தை மட்டும் நம்ப முடியாது என்றார் டாக்டரம்மா. "செவுளைத் தூக்கிப் பாக்காம, கண்ணை மட்டும் பாத்து மீன் வாங்குவாரா உங்க வீட்டுக்காரர்? ஸ்கேனையும் சேர்த்து வச்சுப் பாத்தாத்தான் தெரியும். புற்றா இல்லையா, சதை எடுத்துப் பாக்க ஊசி எந்த இடத்துல போடணும், எல்லாம்."

புற்று என்ற சொல்லை அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. 'அந்த நோய்' என்பார்கள். நோயாளிக்குச் சொன்னால் மனசு விட்டே செத்துப்போவான் என்பது ஊர் நம்பிக்கை. லஸ்ஆத் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினான். "பாபாகிட்ட சொல்லிடாதே, உம்மி. தாங்க மாட்டாரு."

அன்று மதியம் கூஸ்கூஸ் சாப்பாட்டை ஷாத்லி முன் வைத்துவிட்டு, ரத்தம் சுத்தமாக இருக்கிறதாம், சும்மா ஒரு ஸ்கேன் மட்டும் எடுக்கணுமாம் என்றாள் மப்ரூக்கா.

அவர் சிரித்தார். "ரத்தம் சுத்தம்னா அந்தக் குழாய்க்குள்ள நான் எதுக்குடி போய்ப் படுக்கணும்? டாக்டரம்மா வீட்ல கல்யாணமா, செலவுக்கு ஆள் தேடுறாங்களா?"

பொய்யை வைத்துக்கொண்டு எப்படி வற்புறுத்துவது? அவளும் மகனும் மாறி மாறிக் கெஞ்சினார்கள். அவர் அசையவில்லை.

அடுத்த வருஷம் முதுகுவலி வந்தது. சந்தையில் தூக்கின பாரம் என்று எண்ணெய் தேய்த்தாள். கால் மரத்த பிறகுதான் டாக்டரம்மாவிடம் போனார்கள். 'அந்த நோய்' எலும்பு வரைக்கும் போய்விட்டது. அந்த அம்மாவுக்கு இவர்கள் மறைத்தது எப்படித் தெரியும்? ஷாத்லியின் முகத்தைப் பார்த்தே கேட்டார்: "போன வருஷமே ரத்தத்துல அளவு ஏறியிருந்துதே, ஏன் ஸ்கேனுக்கு வரல நீங்க?"

ஷாத்லி மனைவியைத் திரும்பிப் பார்த்தார். வீடு வந்து கட்டிலில் சாய்ந்த பிறகு சொன்னார்.

"உன் குழம்புல உப்பு இல்லைன்னாக்கூட மூஞ்சிக்கு நேரா சொல்றவன் நான். நீ என் சாவையே என்கிட்ட சொல்லல."

மகனுக்காகத்தான் என்று ஆரம்பித்தவள், பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவர் ஒரு நாளும் கோபித்துக்கொள்ளவில்லை. ஒரு சாயங்காலம், வெளியே மழை என்றாள். நடக்க முடியாத மனுஷர், சுவரைப் பிடித்துப் பிடித்து ஜன்னல் வரை போய்த் தன் கண்ணாலேயே பார்த்துவிட்டு வந்துதான் படுத்தார்.