நாற்பத்து மூன்றாம் பக்கம்

அந்த வாரத்தில் சாம்சன் இரண்டு தடவை பாய்லரை வெடிக்க வைத்துவிட்டான். ஒருத்தருக்கும் ஒரு கீறல் இல்லை, வெடித்ததெல்லாம் கம்ப்யூட்டருக்குள்ளே. திரை சிவந்து, எட்டுப் பேர் மரணம் என்று ஆங்கிலத்தில் எழுத்து வந்து நிற்கும். அதை வேதாசலம் சார் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி தமிழில் படித்துக் காட்டுவார். மனுஷனுக்கு அந்த இடத்தில்தான் குரல் நன்றாக எழும்பும்.

உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கம் போகிற ரோட்டில், நெல் அவிக்கிற ரைஸ்மில்லில், சாம்சன் பாய்லருக்கு உமி தள்ளுகிறவன். பதினோரு வருஷமாய் அதே வேலை. இரண்டாயிரத்து மூன்றில் முதலாளி புது பாய்லர் வாங்கினார். அதை ஓட்டப் பழக்குவதற்குச் சென்னையிலிருந்து என்ஜினீயர் வேதாசலம் ஒரு கம்ப்யூட்டரோடு வந்து இறங்கினார். நிஜ பாய்லர் மாதிரியே அதற்குள் ஒரு பாய்லர் ஓடும். தண்ணீர் ஏறும், இறங்கும், மணி அடிக்கும். ஆளுக்கு மூன்று வாய்ப்பு. தேறினவனுக்கு ஆபரேட்டர் வேலை, அதுவும் நிரந்தரமாக. தேறாதவன் வீட்டுக்குப் போக வேண்டியதுதான், ஏனென்றால் புது மெஷின் உமியைத் தானே தள்ளிக்கொள்ளும். சாம்சனுக்கு மிச்சம் இருந்தது வெள்ளிக்கிழமை ஒரே ஒரு வாய்ப்பு. அப்பனும் பாட்டனும் அடுத்தவன் வயலில் கூலிக்குக் குனிந்தவர்கள். மறுபடி அங்கே போய் நிற்க அவனுக்கு மனசே இல்லை.

அவன் இடறி விழுந்ததெல்லாம் ஒரே இடத்தில்தான். பாய்லரில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று காட்ட ஒரு கண்ணாடிக் குழாய் உண்டு. அதில் தண்ணீர் கண்ணுக்கே தெரியாமல் இறங்கி மணி அடித்ததும், சாம்சன் கை நேரே பம்ப் பட்டனுக்குப் போய்விடும். தண்ணி இல்லையா, தண்ணி விடு. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

"அப்போ தண்ணி விடவே கூடாதுப்பா! எத்தனை தடவை சொல்றது?" என்பார் வேதாசலம். ஏன் என்று கேட்டால் இங்கிலீஷில் நாலு வார்த்தை வரும். சாம்சனும் தலையாட்டினான். தலை ஆடியதே தவிர கை கேட்கவில்லை.

சாம்சன் வெடிக்க வைத்ததைப் பார்த்துச் சிரித்தவர்களில் முதல் ஆள் எல்லப்பன். பழைய பாய்லரை இருபது வருஷம் ஓட்டினவர் என்பதால் முதலாளி அவருக்குப் பரீட்சையே வேண்டாம் என்று விட்டுவிட்டார். "பொட்டிக்குள்ள இன்னா வேணா வெடிக்கும் நைனா. நெஜ பாய்லருக்குத் தண்ணிதான் ஆகாரம்" என்று அவர் சொன்னது சாம்சனுக்கும் சரியாகத்தான் பட்டது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சாம்சனின் மனைவி தேவயானி பொட்டுக்கடலைப் பொட்டலத்தைப் பிரித்து வைத்தாள். புருஷன் கடலையைத் தொடவில்லை.

"இன்னாய்யா, பேப்பரையே மொறச்சிக்கினு கீற?"

காகிதத்தில் அந்தக் கண்ணாடிக் குழாயின் படம்! கீழே விளக்கம், அதுவும் தமிழில். சாம்சன் சைக்கிளை எடுத்துக்கொண்டு பஜார் தெருவுக்குப் பறந்தான். அங்கே மளிகைக்கடை நஜீமா ஒரு பழைய புத்தகத்தின் நடுவிலிருந்து அடுத்த தாளைக் கிழிக்கக் கை வைத்திருந்தாள்.

"அக்கா, கிழிக்காதக்கா!"

"ஏன், இதுல இன்னா பொதையல் கீது?"

"என் வேலையே அதுலதாங்கா கீது."

அவன் சொன்னதைக் கேட்டு நஜீமா புத்தகத்தை இரண்டு கையாலும் எடுத்து நீட்டினாள். மூடிப்போன ஏதோ ஒரு மில்லின் புத்தகம், எடைக்கு வந்தது. பாய்லர் தொழிலாளிகளுக்காக எந்தப் புண்ணியவானோ அந்தக் காலத்தில் எழுதியிருக்கிறான். அட்டை போய்விட்டதால் அவன் பெயரும் போய்விட்டது. நாற்பத்திரண்டாம் பக்கம் இப்படி முடிந்தது: 'கண்ணாடியில் நீர் அறவே தெரியாதபோது தொழிலாளி செய்யவே கூடாத காரியம் ஒன்று உண்டு. அது யாதெனில்'. அதற்கு அடுத்த தாளைக் காணோம். அதற்கும் அடுத்த தாள்தான் பொட்டுக்கடலையோடு வீட்டுக்குப் போனது.

"இன்னிக்குக் காலைல கிழிச்சதுதான். யாருக்குக் கட்டிக் குடுத்தேன்னு தெரியலியே! பேஜாராப் போச்சே!" நஜீமா தலையில் கை வைத்துக்கொண்டாள். ஆனால் சும்மா இருக்கவில்லை. காலையில் வந்த அத்தனை வீட்டுக்கும் சொல்லியனுப்பினாள்: என் கடைப் பேப்பரைத் திருப்பிக் கொண்டுவந்தால் ஒரு பிடி பொட்டுக்கடலை சும்மா. வியாழக்கிழமைக்குள் கல்லாப் பக்கத்தில் காகிதம் குவிந்தது. சினிமா விளம்பரம், கணக்குப் பரீட்சைத் தாள், யாரோ வீட்டுக் கல்யாணப் பத்திரிகை. நாற்பத்து மூன்று மட்டும் வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை மில் வாசலில் எல்லப்பன் நின்றிருந்தார். நஜீமா கடையில் வாங்கின பொட்டலத் தாளை மடித்து நீட்டினார். மிளகாய்த்தூள் வாசனை மூக்கைத் துளைத்தது.

'தண்ணீர் விடலாகாது. காய்ந்த தோசைக்கல்லில் நீர் தெளித்தால் சுரீரென ஆவியாகிப் பறப்பதைப் பார்த்திருப்பீர். காய்ந்துபோன கொதிகலனுக்குள் அந்த ஆவி பறக்க இடம் ஏது? நெருப்பை நிறுத்தி, காற்றையும் நிறுத்தி, ஆறும்வரை பொறுத்திரும்.'

"அட கடவுளே! தோசைக்கல்லுண்ணா!" என்றான் சாம்சன்.

"நேத்து நாலு தபா படிச்சேன்" என்றார் எல்லப்பன். "தொண்ணூத்தஞ்சு ஐப்பசில, கண்ணாடில தண்ணியே இல்லாத ஒரு நாளு, ஞாபகம் கீதா? பம்ப் சுச்சுமேல கைய வெச்சேன். கரண்டு பூட்ச்சு. பம்ப்பும் ஓடல, நெருப்புக்குக் காத்து ஊதுற காத்தாடியும் ஓடல. வேற வழியில்லாமதான் நெருப்ப வெளிய இழுத்தோம், நீயுந்தான் இழுத்த. ஒரு நாள் நெல்லு அவியல் பாழாக்கிட்டான்னு கரண்டுக்காரன இன்னி வரிக்கும் திட்டிக்கினு கீறேன்டா." கண்ணைத் துடைத்தார். "மொளகாத்தூள் பேப்பரு. எரியுது."

சாம்சனுக்கு அந்த நாள் நன்றாக ஞாபகம் இருந்தது. பாய்லரைச் சுற்றி யார் யார் நின்றார்கள் என்று ஒவ்வொருவராய் எண்ணிக்கொண்டே உள்ளே போனான்.

பத்து மணிக்குக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். தண்ணீர் இறங்கி மணி அலறியது. உமியை நிறுத்தினான், காற்றாடியை நிறுத்தினான். பம்ப்பைத் தொடாமல் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டான். மணி அலறிக்கொண்டே இருந்தது. அலறட்டும் என்று விட்டுவிட்டான். திரை சிவக்கவில்லை.

"தேறிட்டே! இன்னிக்கு மட்டும் எப்படிப்பா?" என்றார் வேதாசலம். சாம்சன் தாளைக் கொடுத்தான். அவர் அதை இரண்டு தடவை படித்தார். "இதை இப்படி நான் சொல்லியிருக்கணும்" என்றார். "திங்கக்கிழமை எல்லாருக்கும் படிச்சுக் காட்டணும், இரவல் தர்றியா?"

பின்னால் நின்ற எல்லப்பன் முன்னே வந்தார். "சார், பரீச்சைல என்னியும் ஒக்கார வைங்க."

சாயங்காலம் சாம்சனும் தேவயானியும் ஸ்வீட் பொட்டலத்தோடு நஜீமா கடைக்குப் போனார்கள். "உன் புண்ணியங்கா" என்று சாம்சன் கையெடுத்துக் கும்பிட்டான். "அட, எடைக்கு வந்த பேப்பருக்குப் போயி!" என்று நஜீமா வெட்கப்பட்டாள். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. பஜாரே உச்சுக்கொட்டியது. "வியாவார நேரத்துல புடுங்கிட்டான் பாரு, அவன்..." என்று நஜீமா வாயைத் திறந்தாள்.

"திட்டாதக்கா" என்றான் சாம்சன். "ஒரு நாளு அவன் கரண்ட நிறுத்தலன்னா எட்டுப் பேரு செத்திருப்போம்."

"எட்டுப் பேரா? யாரு யாரு?"

சாம்சன் விரல் மடக்கிப் பெயர் சொன்னான். எல்லப்பன், தான், உமி தள்ளின இன்னும் ஐந்து பேர். அன்றைக்குப் புருஷனுக்குக் கூழ் கொண்டுவந்து பாய்லர் ஓரமாய் நின்றிருந்த எட்டாவது ஆளுக்கு வந்தபோது அவன் பக்கத்திலிருந்த கையைப் பிடித்துக்கொண்டான். இருட்டில் தேவயானி அவன் பக்கத்தில்தான் நின்றிருந்தாள்.