முதலில் இடுப்பு, அப்புறம்தான் முகம்

அலாரம் வீறிட்டதும் வங்கிக்குள் இருந்த அத்தனை தலையும் துப்பாக்கி வைத்த காவலாளி கென்ட்ரா பக்கம்தான் திரும்பின, வாசலை ஒட்டியே நின்ற இன்னொரு காவலாளி லவோனை ஒருத்தர்கூடப் பார்க்கவில்லை... சரி, அவர்களை விடு லவோன், நீ யாரைப் பார்த்தாய்? கதவைப் பூட்டிவிட்டுக் கண்ணாடியை விட்டு விலக வேண்டியவள் நீ, ஒன்பது வருஷமாகச் செய்கிற வேலை, அதைக்கூட மறந்து அவள் இடுப்பில் இருந்த துப்பாக்கியைத்தானே பார்த்துக்கொண்டு நின்றாய்? கடைசியில் ஒன்றுமில்லை, யாரோ பாத்ரூம் என்று நினைத்து அவசர வழிக் கதவைத் தள்ளிவிட்டார்கள். எல்லோரும் மூச்சு விட்டபோதுதான் தன் கை இடுப்பில் இருந்ததை லவோன் கவனித்தாள், கென்ட்ராவும் கவனித்துவிட்டாள். "என்ன மிஸ் லவோன், வாக்கி டாக்கியாலயே அடிச்சுத் திருடனைச் சாய்ச்சிடலாம்னு பாத்தீங்களா?" பல்லெல்லாம் தெரியச் சிரிப்பு, கூடவே காசாளர்களும். சிரிக்கட்டும், அந்தப் பெண்ணுக்கு மணிக்கணக்கில் நிற்கும்போது முழங்காலைத் தளர்த்தி நிற்கச் சொல்லிக்கொடுத்ததே நான்தான், இல்லாவிட்டால் வந்த முதல் வாரமே மயங்கி விழுந்திருப்பாள்... துப்பாக்கி லைசென்ஸ் வாங்கி வந்ததும் நிற்கிற தோரணையே வேறு. வருகிறவர்கள் முதலில் இடுப்பைப் பார்க்கிறார்கள், அப்புறம்தான் முகத்தை. இடுப்பில் ஒன்றுமில்லை என்றால் முகம் வரைக்கும் வருவதே இல்லை. பணம் எடுக்க வருகிற கிழவர் மிஸ்டர் டகிள்கூடவா அப்படி? வெள்ளிக்கிழமை தவறாமல் எனக்கு ஒரு பீச் பழம் கொண்டுவந்து, "கண்ணு, கார் வரைக்கும் வர்றியா" என்று என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்த மனுஷர், போன வாரம் என்னைத் தாண்டிப் போய் அவளைக் கூப்பிட்டார். பழமும் அவளுக்குத்தான். அவளுக்குப் பீச் பிடிக்காதாம், காசாளர்களுக்கு அறுத்துக் கொடுத்தாள், எனக்கும் ஒரு துண்டு நீட்டினாள், நானும் வாங்கித் தின்றேன், சீ.

சாப்பாட்டு வேளையில் காருக்குள் உட்கார்ந்து ஏசியை முகத்துக்கு நேராகத் திருப்பிக்கொண்டாள், ஹூஸ்டன் ஜூலை வெயிலில் ஸ்டியரிங்கைத் தொட முடியவில்லை. அடுத்த மாதத்திலிருந்து இந்த வெயிலில்தான் நிற்க வேண்டும், உள்ளே இனி துப்பாக்கி வைத்திருக்கிறவர் மட்டும் போதும், மற்றவர் பார்க்கிங்கில் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். இன்றைக்குப் பெயர் கொடுத்தால் சனிக்கிழமையே துப்பாக்கி லைசென்ஸ் வகுப்பு, விட்டால் இலையுதிர் காலத்தில்தான். வெயிலுக்குப் பயந்துதான் போகிறேன், கணுக்கால் வேறு வீங்குகிறது, வேறு எதற்கும் இல்லை... இல்லைதானே? துப்பாக்கி என்றாலே ஆகாது என்று இத்தனை வருஷம் சொல்லிக்கொண்டிருந்தவள், இருமடங்கு சம்பளம் என்றபோதுகூட அசையாதவள், ஒரு பீச் பழத்துக்கா அசைந்துவிட்டேன்? போனை எடுத்து அழைத்தாள். பயிற்சி கொடுக்கிற ஹஸ்கெல், ரிட்டயர்டு போலீஸ்காரர், குரலிலேயே தொப்பை தெரிந்தது. "இடம் இருக்கும்மா. ஆனா சேக்கிறதுக்கு முன்னாடி எல்லார்கிட்டயும் ஒண்ணு கேப்பேன். சுடத் தெரியுமான்னு கேக்க மாட்டேன், அதை நான் சொல்லித் தந்துடுவேன். கண்ணை மூடிக்கோ. துப்பாக்கிய உருவி நீட்டிட்டே. எதிர்ல நிக்கிறது யாரு?"

கண்ணை மூடினாள். முகமூடி போட்ட ஒருத்தனை வரவழைக்கப் பார்த்தாள், வங்கி வாசல் வந்தது, கண்ணாடிக் கதவு வந்தது, கையில் கனம்கூட வந்தது, அவன் மட்டும் வரவில்லை... பல்லெல்லாம் தெரிகிற சிரிப்பு வந்தது, உள்ளங்கையில் ஒரு துண்டு பழத்தோடு. சட்டென்று கண்ணைத் திறந்தாள், ஏசிக் காற்றிலும் கழுத்து வேர்த்திருந்தது. சும்மா ஒரு நினைப்பு, நினைப்புக்கெல்லாம் யார் பொறுப்பு, எல்லோருக்கும் இப்படித்தான் வருமா, கென்ட்ராவிடமும் இதைக் கேட்டிருப்பாரே, அவளுக்கு யார் வந்திருப்பார்கள்?

"லைன்ல இருக்கியாம்மா? யாரு தெரியிறா?"

"திருடன்தான், சார்... என் பேரை எழுதிக்கோங்க."