சன்னல் வழியாகக் கேட்ட பாதிப் பாட்டு

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு பஞ்சரில் பிறந்தது.

விழுப்புரம் போகிற பஸ் திண்டிவனத்துக்குள் நுழைந்ததும் பின்சக்கரம் படுத்துவிட்டது. எல்லோரும் இறங்கினோம். எதிரே ஒரு மனமகிழ் மன்றம். வாசலில் பிளக்ஸ்: கும்பிட்ட கையோடு நிர்வாகிகள் வரிசையாக, அவர்களுக்குக் கீழே 'ஆண்டு விழா. மல்லாட்டைத் தோல் குழுவினரின் சைக்கடெலிக் ராக் இன்னிசை நிகழ்ச்சி'. (மல்லாட்டை என்றால் இந்தப் பக்கத்தில் வேர்க்கடலை.) இதைப் படித்த பிறகும் ஒருவன் சக்கரம் மாட்டுவதை வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்பானா? என்னால் முடியவில்லை. சன்னலோரம் போய் நின்றேன்.

பாட்டு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. மேடையில் மூன்று பேர். பேஸ் கிட்டார் வாசித்த பெண்ணின் தோளில் யாரோ பொன்னாடை போர்த்தியிருந்தார்கள். அது வழுக்கி இறங்கித் தந்திகளை மூடியிருந்தது. அவள் அதை எடுத்துப் போடவில்லை. அழுதுகொண்டிருந்தாள், சிரித்துக்கொண்டும் இருந்தாள்.

ஏன்? எனக்கு மண்டை குடைந்தது. இன்னும் குடைகிறது. நான் பார்த்தது அவ்வளவுதான், மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதல் வரியே மக்கர் பண்ணுகிறது.

'சீட்டாட்ட மேசைகள் ஓரங்கட்டப்பட்டிருந்த அந்த மாலையில், ஜெசிந்தா தன் வாழ்க்கையின்...'

சீச்சீ. 'வாழ்க்கையின்' என்று எழுதினாலே அடுத்து ஏதாவது தத்துவம் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

'இசைக்கு ஏது எல்லை...'

இதை நானே படிக்க மாட்டேன். நேரே போய்விடலாம்.

அவள் பெயர் ஜெசிந்தா. (நான் வைத்ததுதான்.) விழுப்புரத்தில் நர்ஸ். சர்ச் பாடகர் குழுவில் பேஸ் கிட்டார் பிடிக்க ஆள் இல்லாமல் இவள் கையில் கொடுத்தார்கள், அன்றிலிருந்து விடவில்லை. கிட்டார் வாசிக்கிற தென்னரசு செல்போன் கடை வைத்திருக்கிறான். டிரம்ஸ் அடிக்கிற பூவரசனுக்குத் திருவெண்ணெய்நல்லூரில் கரும்பு. மூவரும் மயிலத்தில் ஒன்றாகப் படித்தவர்கள்.

அவர்களிடம் ஒரே ஒரு நீளப் பாட்டு இருக்கிறது, 'பைபாஸ்' என்று பெயர், சைக்கடெலிக் வகை.* அதற்கு இவ்வளவு நேரம் என்று கணக்கில்லை. ஜெசிந்தா முதல் சுரத்தை மட்டும் தனியாக மூன்று முறை வாசித்தால் பாட்டு முடிந்தது என்று அர்த்தம். முடிக்கிற உரிமை வேறு யாருக்கும் கிடையாது.

இப்போது வில்லங்கத்துக்கு வருகிறேன். ஜெசிந்தாவுக்கு மஸ்கட்டில் வேலை கிடைத்துவிட்டது. வெள்ளிக்கிழமை விமானம். கூட வாசிக்கிற இரண்டு தடியன்களுக்கும் இன்னும் தெரியாது. 'பாட்டு முடிஞ்சதும் சொல்லிடறேன் மாதாவே' என்று சத்தியம் பண்ணிவிட்டு மேடையேறியிருக்கிறாள். பாட்டை முடித்தால் சொல்லியாக வேண்டும். முடிக்காத வரைக்கும் அவர்கள் மூன்று பேர்.

(* சைக்கடெலிக் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு: ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, எதிரொலியை அண்டா அண்டாவாகக் கொட்டி, கேட்கிறவனைக் கிறங்கடிக்கிற இசை. எனக்குத் தெரிந்தது இவ்வளவே.)

3

இந்தப் பகுதியில் மன்றத்தின் செயலாளர் தாண்டவராயன் வருகிறார். கதைக்கு அவர் தேவையா என்று இரண்டு நாள் யோசித்தேன். பொன்னாடையை யாராவது போர்த்தித்தானே ஆக வேண்டும்?

பாட்டு தொடங்கி வெகுநேரம் ஆகியும் உறுப்பினர்கள் கைதட்டவில்லை. மரியாதையாகக் காத்திருந்தார்கள். தாண்டவராயன் மேடையோரம் வந்து குனிந்தார்.

"யம்மா, டெஸ்டிங் இன்னும் எவ்ளோ நேரம் ஓடும்? வரவேற்புரையை வச்சிக்கினு நிக்கிறேன்."

ஜெசிந்தா கையை நிறுத்தாமலே சொன்னாள். "அண்ணே, டெஸ்டிங் எல்லாம் எப்பவோ முடிஞ்சிடுச்சி. இதான் பாட்டு."

"இதுவா? பாட்டுன்னா பாடுவாங்களேம்மா?"

"பாடுவோம்ணே. அதுக்கு இன்னும் நேரம் கெடக்குது."

அவர் ஒரு நிமிடம் தென்னரசைப் பார்த்தார், தரையில் கிடந்த கிட்டார் பெடல்களைப் பார்த்தார். பிறகு திரும்பி, கூடத்தைப் பார்த்து உரக்க அறிவித்தார். "பாட்டு ஆரம்பிச்சிடுச்சாம்பா!"

பிறகுதான் கைதட்டல் விழுந்தது. என்ன கைதட்டல் தெரியுமா? விசில் வேறு. ஜெசிந்தாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இந்த ஊரை விட்டுவிட்டு எப்படிப் போகப் போகிறோம் என்றும் அந்தச் சிரிப்புக்கு நடுவிலேயே நினைத்துக்கொண்டாள்.

4

விழாத் தலைவருக்கு வேறு ஒரு விசேஷம் இருந்தது. அதனால் மரியாதை செய்வதைத் தள்ளிப்போட முடியவில்லை. தாண்டவராயன் பொன்னாடையும் மைக்குமாக மேடைக்கே ஏறிவிட்டார். பாட்டு அதுபாட்டுக்கு ஓடுகிறது, இவர் அதுக்கு மேலே பேசுகிறார்.

"நம்ம புள்ளைங்க! வெளியூர்லேர்ந்து ஆள் கொணாந்தாதான் கச்சேரியா? எனக்கு ஒண்ணும் புரியல, ஆனா எழுந்து போவவும் மனசு வரல. அடுத்த வருசமும் இவங்கதான். இப்பவே சொல்லிப்புட்டேன்!"

பூவரசன் டிரம்ஸுக்குப் பின்னாலிருந்து கத்தினான். "ஜெசி! அடுத்த வருசம்டி!"

பொன்னாடை அவள் தோளில் விழுந்தது. கேமராக்காரர் "மேடம், இங்க பாருங்க" என்றார். சரிகைத் துணி வழுக்கித் தந்திகளின் மேல் இறங்கியது. அதை எடுக்க ஒரு கை வேண்டும். ஒரு கையை எடுத்தால் பாட்டு நிற்கும். அவள் எடுக்கவில்லை. துணிக்கு அடியிலிருந்து வந்த ஒலி தம், தம் என்று மழுங்கிப்போய், ஸ்டெதாஸ்கோப்பில் கேட்கிற நெஞ்சுத்துடிப்பு போல இருந்தது. அவள் தினமும் கேட்கிற ஒலி. தாங்க முடியவில்லை அவளுக்கு. அழுதாள். கேமரா எதிரே நிற்கிறதே என்று சிரிக்கவும் செய்தாள்.

நான் சன்னலில் போய் நின்றது அந்த நேரத்தில்தான். (இது சத்தியம்.)

5

முடிவுகள் சில கைவசம் இருக்கின்றன.

கரண்ட் போய்விடுகிறது. வேண்டாம். அது எழுதுகிறவனின் சோம்பேறித்தனம்.

அவள் பாட்டை முடிக்கிறாள், எதுவும் சொல்லாமல் போகிறாள், ஏர்போர்ட்டிலிருந்து வாய்ஸ் மெசேஜ் அனுப்புகிறாள். மாதாவிடம் பண்ணின சத்தியம் என்னாவது?

சொல்கிறாள். தென்னரசு குனிந்து ஒயரைச் சுற்றுகிறான். பூவரசன், "போய்ட்டு வா, யாரு இன்னா சொல்லப்போறா" என்று... இல்லை. பூவரசன் அவ்வளவு நல்லவனா? அவனை நான் இன்னும் சரியாகப் பார்க்கவில்லை.

இருங்கள், இருங்கள். இதை எழுதும்போதுதான் உறைக்கிறது. பூவரசன் தன் டிரம்ஸைப் பார்த்தே அடிக்கவில்லை. அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். அது என் கைச்சரக்கு இல்லை, கண்ணால் பார்த்தது. அவள் கை கிட்டாரின் கழுத்தில் மேலே நகர்கிற ஒவ்வொரு முறையும் அவசர அவசரமாக ஒரு உருட்டு உருட்டி அந்த இடத்தை நிரப்பினான். தனியாக ஒரு சுரம் கேட்க இடமே கொடுக்கவில்லை.

அப்படியானால் அவனுக்குத் தெரியுமா? பாஸ்போர்ட் விசாரணைக்குப் போலீஸ்காரர் வந்தபோது யாராவது அவன் காதில் போட்டிருப்பார்களா? தெரிந்துகொண்டேதான் "அடுத்த வருசம்டி" என்று கத்தினானா? படுபாவி, அவனும் பாட்டை முடியவிடாமல் பிடித்துக்கொண்டிருந்தானா?

6

கண்டக்டர் விசில் ஊதினார். "சார், ஜல்தி ஏறுங்க! சன்னல்ல இன்னா தேடிக்கினு இருக்கீங்க?"

ஏறினேன். பஸ் நகரும்போது உள்ளே டிரம்ஸ் நின்றது. பூவரசன் கையை இறக்கிவிட்டான் போலிருக்கிறது. அந்தச் சுரம் பொன்னாடைக்கு அடியிலிருந்து தனியாக ஒரு முறை கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு முறை. அதற்குள் டிரைவர் ஆரனில் கையை வைத்தவர், மேம்பாலம் தாண்டும் வரை எடுக்கவில்லை.

மூன்று என்கிற விதி நான் வைத்தது. இரண்டு என்பது என் காதில் விழுந்தது. மூன்றாவதை என்னால் எழுத முடியவில்லை, நீங்கள்தான் வாசிக்க வேண்டும். வாசிப்பதாக இருந்தால், தந்தியில் விரல் வைப்பதற்கு முன்னால் பூவரசன் முகத்தை ஒரு தரம் பார்த்துக்கொள்ளுங்கள்.