பங்காளி தங்கமணி

சகல தோட்டத்து மக்களுக்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில்: மருத்துவ ஆராய்ச்சி என்னும் மாபெரும் கோட்டையின் கதவு நோயாளிகளுக்குத் திறந்துவிட்டது. இனி ஊசி குத்திக்கொள்ள மட்டுமல்ல, கருத்துச் சொல்லவும் அவர்களைக் கூப்பிடுவார்கள். முதல் அழைப்பு புக்கிட் ரோத்தான் தங்கமணிக்கு.

தங்கமணிக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி. கையுறைத் தொழிற்சாலையில் வேலை. கொஞ்ச நாளாகவே கண் முன்னால் புகை படிந்தாற்போல் இருந்தது. கண்ணைப் படம் எடுக்க கிளினிக்கில் தேதி கேட்டாள். அடுத்த வருஷம் மார்ச் என்றார்கள். அப்போது மே மாதம்தான் நடந்துகொண்டிருந்தது.

இந்தச் சமயத்தில்தான் கோலாலம்பூரிலிருந்து டாக்டர் நித்தியா போன் செய்தார்.

"ஆன்ட்டி, இனிமே நீங்க வெறும் பேஷண்ட் இல்ல. எங்க ஆய்வுப் பங்காளி!"

செம்பனை லோரி ஓட்டும் அவள் புருஷன் வீரனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"பங்காளியா? எனக்கு இருக்கிற பங்காளிங்க கோயில்ல பார்த்தாகூட மூஞ்சியத் திருப்பிக்கிறானுங்க. இதுல ஒனக்குப் புதுசா வேறயா?"

"பங்காளின்னா பங்கு உண்டுலா. மார்ச்ச ஜூனா மாத்திட்டு வர்றேனா இல்லையா பாரு."

தீபாவளிக்கு என்று வைத்திருந்த புடவையை உடுத்திக்கொண்டு போனாள்.

இனிப்பு நீர் ஆய்வுக் கூட்டம் நடந்த டேவான் மண்டபத்தில் பேராசிரியர் கணேஸ்வரன், 'நோயாளியே நமது மையம்' என்று முழங்கிக்கொண்டிருந்தார். மையத்துக்குக் கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால் நாற்காலி போட்டிருந்தார்கள். இனிப்பு நீர்க்காரர்கள் தொண்டை வறளக் கூடாதே என்று வாளி நிறைய ரோஸ் சிராப் கலக்கி வைத்திருந்தார்கள்.

ஒருவழியாகக் கருத்துக் கேட்கும் கட்டம் வந்தது. தங்கமணி எழுந்தாள்.

"டாக்டர், இந்தக் கண்ணு படம் எடுக்கற தேதி..."

"சூப்பர் கேள்வி ஆன்ட்டி!" என்றார் நித்தியா. "ஆனா அது கிளினிக் விஷயம். இது ரிசர்ச். நீங்க இதுக்கு மட்டும் சொல்லுங்க."

'இது' என்பது ஆய்வின் சின்னம். திரையில் ஒரு நீலத் தாமரை, ஒரு பச்சைத் தாமரை. எந்த நிறம் மக்கள் மனதைத் தொடுகிறது?

தங்கமணி கண்ணைச் சுருக்கினாள். தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"ரெண்டும் ஒரே கலர்தானே, டாக்டர்?"

டேவானில் டாக்டர்கள் மட்டும் ஒரு வேன் நிறைய இருந்தார்கள். ஒருவராவது எழுந்து அவள் கண்ணைப் பார்த்திருக்கலாம். பேராசிரியர்தான் எழுந்தார். எழுந்து கைதட்டினார்.

"கேட்டீங்களா! நாம வேற்றுமையப் பார்க்கிறோம். மக்கள் ஒற்றுமையப் பார்க்கிறாங்க!"

கரவொலி கூரையைப் பிய்த்தது. நித்தியா மடிக்கணினியில் படபடவென்று தட்டினார். எதற்கு இந்தக் கைதட்டல் என்று விளங்காவிட்டாலும் தங்கமணி முந்தானையைச் சரிசெய்துகொண்டு போட்டோவுக்கு நின்றாள்.

வீட்டில் வீரன் கேட்டான்: "பங்கு கெடச்சதா?"

"கைதட்டுனாங்க."

"அதக் கண்ணுல ஊத்திக்க."

அடுத்த மாதம் கிளினிக் சுவரில் போஸ்டர் ஏறியது. பாதி நீலம், பாதி பச்சையாக ஒரு தாமரை, நடுவில் தங்கமணியின் முகம், கீழே 'மக்கள் பார்வையே எங்கள் பார்வை!' போஸ்டருக்கு நேர் கீழே இருந்த கவுண்டரில் தங்கமணி கேட்டாள்:

"நர்ஸ், நான் ஆய்வுப் பங்காளி. தேதியக் கொஞ்சம் முன்னால தள்ளிக் குடுங்களேன்."

நர்ஸ் உஷாராணி அண்ணாந்து பார்த்தார். "அட, போஸ்டர்ல இருக்கறது நீங்களாக்கா?"

தங்கமணியும் அண்ணாந்து பார்த்தாள்.

"யாரோ ஒரு பொம்பள மாதிரி தெரியுது" என்றாள்.

தேதி மார்ச்தான்.